குலுக்காமல் எடுத்த பச்சைத் தாள்

ஒரு காரின் பின் சக்கரத்தைக் கடைசியாக எப்போது குனிந்து பார்த்தீர்கள்?

முன் சக்கரத்தைக் கேட்கவில்லை. முன் சக்கரத்துக்கு நம் ஊரில் மரியாதை அதிகம். புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் வைப்பது அதற்குத்தான். பின் சக்கரத்துக்கு ஒரு பழம்கூடக் கிடையாது. முன்னது போனால் பின்னதும் வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி வராமல் போன நாளில், பேய் இழுத்தது என்கிறோம்.

எண்ணூர் விரைவுச் சாலையில், கடலை ஒட்டித் திரும்பும் ஒரு வளைவில், அப்படி ஒரு பேய் இருப்பதாகப் பேச்சு. பேய்க்குப் பெயரும் உண்டு. உமைமா. இருபத்து மூன்று வயது. தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். சாலையோரக் குப்பங்களுக்குப் போய், நடமாட முடியாதவர்களிடம் வீட்டிலேயே ரத்தம் எடுத்து வருவாள். ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி மழையில், அந்த வளைவில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஒரு கார் சுழன்று வந்து அவளை மோதியது. ஓட்டியவன் கால் எலும்பு முறிவோடு பிழைத்தான். உமைமா பிழைக்கவில்லை.

அடுத்த ஐந்து மாதத்தில் அதே வளைவில் இன்னும் இரண்டு கார்கள் சுழன்றன. யாரும் சாகவில்லை. ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது. "அந்தப் பொண்ணு தான் இழுக்குது." வளைவில் இருக்கும் விளக்குக் கம்பத்தில் யாரோ ஒரு துப்பட்டாவைக் கட்டினார்கள். பிறகு வளையல், கறுப்புக் கயிறு, காய்ந்த எலுமிச்சை மாலை. செத்தவளைக் குற்றவாளி ஆக்குவது எவ்வளவு வசதி பாருங்கள். அவள் கூண்டில் ஏறி மறுத்துப் பேச மாட்டாள்.

அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் அந்த ஐந்து மாதமும் வாயைத் திறக்கவில்லை. அவர் பெயர் சவரிநாதன்.

ராயபுரத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சவரிநாதன் இருபது வயதில் சக்கர அலைன்மென்ட் வேலைக்கு வந்தார். அப்போது கம்ப்யூட்டர் இல்லை. லாரியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை நூல் கட்டி, சக்கரத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். பிறகு மெஷின் வந்தது. நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டினால் திரையில் எண்கள் வரும். சரியான அளவு பச்சை, தவறான அளவு சிவப்பு. அதையே தாளில் பிரிண்ட் எடுத்து வண்டிக்காரரிடம் கொடுப்பார்கள். ஆனாலும் சவரிநாதன் முதலில் டயரை உள்ளங்கையால் தடவித்தான் பார்ப்பார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, மறுபக்கமாகத் தடவினால் சொரசொரப்பு என்றால் சக்கரம் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கை தவறு சொன்னதில்லை என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்கப் பேர்.

கடை தௌசீஃப் என்பவருடையது. சவரிநாதனைவிடப் பத்து வயது சின்னவர். இவர் அவரை 'பாய்' என்பார், அவர் இவரை 'சவரிண்ணே' என்பார்.

உமைமா இறந்த செவ்வாய்க்கு நான்கு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஜெரி வந்தான். கன்டெய்னர் யார்டில் கிளார்க். ராயபுரத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சவரிநாதனுக்கு இரண்டு வரிசை முன்னால் நிற்கும் குடும்பம். பழைய ஜப்பான் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, எங்கோ கொடுத்து நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டி, காரை இறக்கியிருந்தான். இறக்கின கார் தரையோடு ஒட்டி, பாம்பு மாதிரி போகும். இப்போது வடசென்னைப் பையன்களுக்கு அதில் ஒரு பெருமை.

"மாமு, நாளிக்கு ஷைனி கண்ணாலம். கோயில்லருந்து பொண்ண நம்ப வண்டில தான் இட்டாறோம். லைட்டா பின்னாடி ஆடுது. சோக்கா பண்ணிக் குடு."

"தங்கச்சி கண்ணாலத்துக்கு ஒழுங்கா ஒரு வாடக வண்டி எட்க்கலாம்ல? இந்தப் பல்லி மாறி கீற வண்டில பொடவ கட்டிக்கினு அது எப்பிடிடா ஏறும்?"

"ஏறும் மாமு. எறங்கறதுதான் கஷ்டம்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

சவரிநாதன் பின் டயரைத் தடவினார். உள்விளிம்பு கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. மெஷினில் ஏற்றினார். முன் சக்கரம் இரண்டும் கொஞ்சம் சிவப்பு. அது பெரிய வேலை இல்லை. பின் சக்கரம் இரண்டும் ரத்தச் சிவப்பு. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தது. அதைக்கூட விடலாம். மூக்கு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பாதத்தை அகட்டி நடக்கிறவனைப் போல, இரண்டு பின் சக்கரமும் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நேர் ரோட்டில், காய்ந்த தரையில், இது பெரிதாகத் தெரியாது. வளைவில், ஈரத்தில், வெளிப்பக்கச் சக்கரம் காரின் பின்பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டியரிங் பிடித்திருப்பவன் கையில் அப்போது ஒன்றும் இருக்காது.

பின் சக்கரத்தைத் திருப்ப அந்தக் காரில் ஒரு போல்ட் இருக்கிறது. கம்பெனி விட்ட உயரத்துக்குத்தான் அந்த போல்ட்டின் வீச்சு. காரை இவ்வளவு இறக்கிவிட்டால் முழுக்கத் திருப்பினாலும் போதாது. சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் ஆர்மை எடுத்துவிட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேறு ஆர்ம் வாங்கிப் போட வேண்டும். அது வெளியூரிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம் ஆகும். சவரிநாதன் சொன்னார்.

"மாமு, நாளிக்குக் கண்ணாலம்."

"தெரியுதுடா. அதுக்கு நான் இன்னா பண்ண?"

"பச்ச பேப்பர் இல்லாம வூட்டுக்குப் போனா எங்க அப்பா பொண்ண ஏத்த மாட்டாரு. அந்தாளுக்கு பேப்பர் தான் வேதம்."

இங்கேதான் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி வேலை செய்துவிட்டு இறக்கும்போது, ஸ்பிரிங் முழுக்கப் படியாது. கார் ஒரு விரற்கடை உயரமாகவே நிற்கும். அதனால் அளவு எடுக்கும் முன் டிக்கியின் மேல் இரண்டு கையையும் வைத்து மூன்று முறை அழுத்திக் குலுக்க வேண்டும். அப்போதுதான் கார் தன் நிஜ உயரத்துக்கு வரும். 'மூணு குலுக்கு' என்பார்கள். வேலை பழக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்வது அதைத்தான். குலுக்காமல் அளந்தால் கார் உயரமாக நிற்கும். உயரமாக நின்றால் பின் சக்கரம் கொஞ்சம் நேராகத் தெரியும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால் ஆர்மில் உள்ள ரப்பரும் காரைச் சில நாள் தூக்கியே பிடிக்கும். கார் ஓட ஓடத்தான் அது படியும்.

சவரிநாதன் போல்ட்டைக் கடைசிவரை திருப்பி, சக்கரம் தொங்கியபடியே முறுக்கினார். காரை மெதுவாக இறக்கினார். குலுக்கவில்லை. திரையில் பின் சக்கரம் பச்சை ஆனது. மயிரிழையில் பச்சை. பிரிண்ட் கொடுத்தார்.

"மாமுன்னா மாமுதான்!" என்று ஜெரி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"டேய், அடுத்த வாரம் ஆர்ம் வந்ததும் வந்துடணும். அதுவரிக்கும் மெதுவாப் போ."

சனிக்கிழமைக் கல்யாணம் நன்றாக நடந்தது. ஷைனி வெள்ளைப் புடவையில் அந்தக் காரிலிருந்து இறங்க முடியாமல் சிரித்ததைச் சவரிநாதனும் கோயில் வாசலில் நின்று பார்த்தார். கார் நேராகத்தான் ஓடியது. திங்கட்கிழமை காலை ஜெரி கடைக்கு வந்தான். "பின்னாடி எவனோ புடிச்சு இழுக்கற மாறி கீது மாமு." சவரிநாதன் மெஷினில் ஏற்றிப் பார்த்தார். பழைய சிவப்பு. ஆர்ம் வியாழக்கிழமை வருகிறது என்றார், மழையில் எடுக்காதே என்றார். பிரிண்ட் எடுக்கவில்லை. வண்டியை வைத்துவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமை கொடுத்த பச்சைத் தாள் என்ன என்று ஜெரி கேட்டிருப்பான்.

மறுநாள் செவ்வாய்.

மருத்துவமனையில் ஜெரி முதலில் சொன்ன வாக்கியம்: "பின்னாலருந்து யாரோ புடிச்சு இழுத்தாங்க." உண்மைதான். இழுத்தது பின் சக்கரம் என்று அவனுக்குத் தெரியும், சவரிநாதனுக்கும் தெரியும். ஆனால் படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் 'யாரோ' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெரி அதைத் திருத்தவில்லை. கட்டணம் வாங்காமல் வந்த வக்கீல் அவனுக்கு அந்தப் பேய்தான்.

அவனுக்கு மட்டுமா? அந்த வளைவில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்று நின்று தார் குழிந்து, சக்கரம் ஓடும் தடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு அந்தப் பேய் வசதி. விளக்கு எரியாத கம்பத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு வசதி. ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுக்கும் பட்டறைகளுக்கு வசதி. சுழன்ற மற்ற இரண்டு கார்களும் இறக்கின கார்கள்தான், அதை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பேய் எத்தனை பேருக்கு உழைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு ஊதியம் ஒரு துப்பட்டா.

சவரிநாதனை அது வேறு விதமாகப் பிடித்தது. அவர் பேயைப் பார்க்கவில்லை. அவர் கை அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

டிசம்பரில் தொடங்கியது. தெருவில் நிற்கும் எந்தக் காரைக் கடந்து போனாலும் அவர் கைகள் அதன் டிக்கியின் மேல் போய் உட்கார்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அழுத்திவிட்டு நின்று, கார் படிவதைப் பார்ப்பார். பிறகுதான் நடக்க முடியும். மார்க்கெட்டில், பெட்ரோல் பங்கில், கோயில் வாசலில், பாதிரியாரின் காரை. ஒருமுறை ஒரு சவ ஊர்தியை. துக்கத்தில் நின்றவர்கள் அடிக்க வந்தார்கள். ஊரில் அவருக்கு 'குலுக்கு' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. மழை பெய்தால் வெளியே வரமாட்டார். ஈரத் தாரில் ஏதாவது கார் திரும்பும் சத்தம் கேட்டால், வீட்டுக்குள் இருந்தபடியே நின்ற இடத்தில் உறைந்து, அது முடியும்வரை காத்திருப்பார். எதன் முடிவுக்கு என்று மனைவி ஆலிஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைக்கூட மூன்று முறை அழுத்திவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

"உன்னிய அந்தப் பொண்ணு புட்ச்சிக்கிச்சு," என்றாள் ஆலிஸ். "வியாழக்கெழம ஜெபக் கூட்டத்துக்கு வா. கை வெச்சு ஜெபிச்சா போய்டும்."

"அந்தப் பொண்ண இதுல இழுக்காத ஆலிசு."

"ஊரே இழுக்குது. நான் இழுத்தா இன்னா?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று பஸ்ஸில் அந்த வளைவைக் கடக்கும்போது ஒரு அம்மாவைப் பார்த்தார். கறுப்பு புர்கா, ஐம்பத்தைந்து வயது இருக்கும். விளக்குக் கம்பத்தின் அருகே நின்று, துப்பட்டாவின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டைப் பை. அதற்குள் அவிழ்த்த கயிறுகளும் வளையல்களும். கண்டக்டர் சொன்னார்: "அதோட அம்மா. காத்தூன் பீவி. டெய்லி காலைல வந்து அவுத்துனு போகுது. மறுநாளு எவனாவது கட்டிட்டுப் போறான்."

பஸ் திரும்பியது. சவரிநாதன் முன் சீட்டின் கம்பியை மூன்று முறை அழுத்தினார்.

ஏப்ரல் மாதம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் காத்தூன் பீவி கடைக்கே வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு ஜெராக்ஸ் தாள்.

"இங்க சவரிநாதன்றது யாருப்பா?"

தௌசீஃப் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். சவரிநாதன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் தான் மா."

"இத்தப் பாரு. வழக்குல அந்தப் பையன் பக்கத்துல குடுத்த பேப்பராம். வக்கீலு காப்பி குடுத்தாரு. கீழ உன் பேரு கீது."

வெள்ளிக்கிழமைப் பச்சைத் தாள்தான். ஜெராக்ஸில் பச்சை சாம்பல் நிறமாகியிருந்தது. எண்கள் மட்டும் தெளிவு.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா இத்தப் படிக்கத் தெரியும்," என்றார் காத்தூன் பீவி. "எங்க உமைமா சொல்லிக் குடுத்துகீறா. அவ லேபு பேப்பரும் இப்பிடித்தான் இருக்கும். இந்தாண்ட கீறது நம்ப நம்பரு. அந்தாண்ட கீறது நார்மலு. நம்ப நம்பரு நார்மலுக்குள்ள இருந்தா நோவு இல்ல." அவர் விரல் வரிசை வரிசையாக இறங்கியது. "எல்லாம் உள்ள தான் கீது. வண்டிக்கு நோவு இல்ல. அப்பிடின்னா எம் பொண்ணு தான் குறுக்கால பூந்தாளா? அவங்க வக்கீலு அப்பிடித் தான் சொல்றாரு."

சவரிநாதன் தாளை வாங்கிக் கல்லா மேல் விரித்து வைத்தார். அந்த அம்மா மேலே சொன்னார்:

"நாலு பேரு வூட்டுக்கு வந்தானுங்க. டிராவல்ஸ் வெச்சுகீறவனுங்க. வெள்ளிக்கெழம அந்தக் கம்பத்தாண்ட மந்திரவாதிய வெச்சு அவளக் கட்டப் போறாங்களாம். ஆணி அடிக்க அவ போட்ட துணி ஒண்ணு வேணுமாம். எங்கிட்டயே கேக்குறானுங்க. நான் தரலன்னா அவ இன்னும் எத்தினி பேர இழுக்கப் போறாளோ, அந்தப் பாவம் எனக்காம். நீ சொல்லுப்பா. உன் பேப்பரு அவ மேல தான் தப்புன்னு சொல்லுதா? ஆமான்னு சொன்னா துணியக் குடுத்துட்றேன்."

அவர் கவரைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு வெள்ளைக் கோட். பையில் பேனா மைக் கறை.

"அத்த உள்ள வைங்கமா," என்றார் சவரிநாதன். "அந்த நம்பரு பொய்யி."

"சவரிண்ணே," என்றார் தௌசீஃப்.

"மெசினு பொய் சொல்லுமாப்பா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மெசினு சொல்லாது. நான் கேட்ட நேரம் தப்பு." மூன்று குலுக்கைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு காரின் டிக்கியை அழுத்திக் காட்டினார். கார் இறங்கிப் படிந்தது. சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளி ஒரு விரல் குறைந்ததை அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

அவர் நிமிர்ந்து சொன்னார்: "உமைமா சொல்லுவா. வருஷம் முச்சூடும் இனிப்பத் துன்னுட்டு, டெஸ்ட்டு வருதுன்னா மூணு நாளு மட்டும் வாயக் கட்டிக்கினு வந்து சுகரு நார்மலுன்னு காட்டுவாங்களாம். அது மாறி வேல பண்ணிகீற."

"ஆமாமா."

"தெரிஞ்சே."

"தெரிஞ்சே தான்."

சவரிநாதன் மெஷின் பக்கம் போனார். தௌசீஃப் குறுக்கே வந்தார்.

"அண்ணே, அந்தப் பழைய பைலெல்லாம் அழிச்சுடுன்னு நான் ஜனவரிலயே சொன்னனா இல்லியா?"

"சொன்ன பாய். அழிக்கல."

"இப்ப அதுல கை வெச்ச, கடை மேலயும் கேசு வரும். உம் மேலயும் வரும். எனக்கு மூணு புள்ளைங்க. உனக்கும் வூடு கீது. செத்தவ செத்துட்டா அண்ணே. இன்னா பண்ணாலும் வரமாட்டா."

"அதான் பாய் நானும் சொல்றேன். வரமாட்டா. வந்து இழுக்கவும் மாட்டா. இத்த வெள்ளிக்கெழமைக்குள்ள எவனாவது சொல்லணும்ல?"

தௌசீஃப் அந்த அம்மாவைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். நகரவில்லை, கையை மட்டும் கீழே விட்டார். சவரிநாதன் அவரைச் சுற்றிக்கொண்டு போய், மெஷினில் பதிவாகியிருந்த அளவுகளை மூன்று தாள்களாகப் பிரிண்ட் எடுத்தார். வெள்ளிக்கிழமை வேலைக்கு முன், வெள்ளிக்கிழமை வேலைக்குப் பின், திங்கட்கிழமை காலை. சிவப்பு, பச்சை, சிவப்பு. மூன்றிலும் தேதியும் நேரமும் இருந்தன.

காத்தூன் பீவி திங்கட்கிழமைத் தாளின் மேல் விரலை வைத்தார். "இது நம்பளுது. இது நார்மலு. தாண்டிப் போய்கீது." பிறகு கேட்டார்: "அப்ப அவ இழுக்கல?"

"இல்லமா. நான் முறுக்குன போல்ட்டு இழுத்துச்சு."

"குறுக்கால வரல?"

"போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற காரப் போய்ப் பார்த்தேன். மோதின வண்டிய இப்ப அளந்து பிரயோஜனம் இல்ல, ஆனா அடி எங்க பட்டுதுன்னு தெரியும். பின்பக்கம் தான் கம்பத்துல அடிச்சிகீது. ரோட்ட உட்டு, கம்பத்தாண்ட, அவ நின்ன எடத்துக்குக் காரு தான் போய்கீது. அவ எங்கியும் போவல."

அந்த அம்மா அழவில்லை. தாள்களை மடித்து வெள்ளைக் கோட்டின் பையில் வைத்தார். "நீயும் இத்த எழுதிக் குடுக்கணும்," என்றார். "எங்கிட்ட சொன்னா போதாது. நான் அவளோட அம்மா. யாரு நம்புவா?"

வியாழக்கிழமை காலை சவரிநாதன் தன் கையால் நான்கு பக்கம் எழுதி, மூன்று தாளையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் கொடுத்தார். ஒரு பிரதி அந்த அம்மாவின் வக்கீலுக்கு. வாங்கிப் படித்த காவலர் நிமிர்ந்து, "ஊரே பேய்னுது, நீ போல்ட்டுன்றியேயா. உன்னியே மாட்டிக்கிறியே," என்றார். "மாட்டியிருக்கிறது அஞ்சு மாசமா சார்," என்றார் சவரிநாதன். அன்று மதியம் கடையில் அவருக்கு வேலை இல்லை என்று தௌசீஃப் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வளைவில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். பிளெக்ஸ் பேனர், ஒலிபெருக்கி, பூசணிக்காய், கையளவு நீளத்தில் ஒரு இரும்பு ஆணி. மந்திரவாதி மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து காரில் வந்திருந்தார். காத்தூன் பீவி புர்காவுக்கு மேலே மகளின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. துணியைக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

அவர் கோட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தார். "எம் பொண்ணோட ரிப்போர்ட்டு கொண்டாந்துகீறேன்," என்றார்.

டிராவல்ஸ்காரர் ஒருவர் சவரிநாதனைப் பார்த்துவிட்டார். "யோவ் குலுக்கு! நீ இன்னாயா இங்க? பேய்க்கு வக்காலத்தா?"

"உங்க வண்டி எதுண்ணே?"

பின்னால் நின்றது. மகனுக்காக இறக்கின கார். சவரிநாதன் பையிலிருந்து நூலை எடுத்தார். பழைய முறை. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை பக்கவாட்டில் இழுத்துக் கட்டினார். டிக்கியை மூன்று முறை அழுத்தினார். பின் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தார். பிறகு பின்விளிம்பில் வைத்தார். "நீங்களே படிங்க." டிராவல்ஸ்காரர் படித்தார். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லை. மூக்கு வெளியே பார்த்தது. கூட்டத்தில் யாரோ, "அண்ணே, உன் வண்டில இப்பவே ஏறிக்கிச்சு போல!" என்று கத்த, சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் அவர் மகன் எண்ணூர் போக வேண்டியிருந்தது.

அங்கே எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசை. பொய் எழுத மாட்டேன். பூசணிக்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது. ஆனால் துணி கிடைக்காததால் ஆணி அடிக்கவில்லை. ஒலிபெருக்கியில் உமைமாவின் பெயரையும் சொல்லவில்லை. மந்திரவாதி பொதுவாக 'வழித்தடை' என்று சொல்லி முடித்துக்கொண்டு காரில் ஏறினார். ஏறும் முன், சத்தமில்லாமல், சவரிநாதனிடம் தன் பின் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார். சவரிநாதன் பார்த்தார். சரியாக இருந்தது.

வழக்கு நடக்கிறது. சவரிநாதன் இப்போது சாட்சி மட்டுமல்ல, ஜெரிக்கும் கடைக்கும் அடுத்து மூன்றாவது எதிரியும்கூட. ஜெரியின் குடும்பம் பூசையில் வேறு பக்கம் போய் நிற்கிறது. தார்க் குழி அப்படியே இருக்கிறது, விளக்கு இன்னும் எரியவில்லை. ஸ்பிரிங் வெட்டும் பட்டறைகள் காலை ஒன்பது மணிக்குத் திறக்கின்றன. சவரிநாதனுக்கு எண்ணூர் லாரி ஸ்டாண்டில் நூல் கட்டி அளக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கை நிற்கவில்லை. நான் பார்க்கப் போனபோது என் ஸ்கூட்டரின் சீட்டை மூன்று முறை அழுத்திவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். "உண்மைய சொல்ட்டா போய்டும்னு ஆலிஸ் சொல்லிச்சு," என்றார். "போவல. போவ வேணாம், இருக்கட்டும்."

கம்பத்தில் இன்னும் துணி கட்டுகிறார்கள். காத்தூன் பீவி இன்னும் காலையில் வந்து அவிழ்க்கிறார். அவருக்கு முழங்கால் வலி.

உங்கள் காரை இறக்கியிருந்தால், தாளில் பின் சக்கரத்தின் எண்ணைக் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் மூன்று முறை குலுக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பச்சை வரவில்லை என்றால் சாவியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். அந்த வளைவைக் கடக்கும் நாளில், கம்பத்தில் ஒரு துப்பட்டா ஆடுவதைப் பார்த்தால், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு போகாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய், அந்த அம்மா வருவதற்குள் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள்.